பட்டறைப் பதில்கள்: தரைக்குக் கீழே தண்ணீர்

கடலூர் புதுப்பாளையத்தில் முப்பத்தைந்து வருடமாக மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன் நான். இந்தப் பகுதிக்கு வழக்கமாக மிக்சி, கிரைண்டர், போர் மோட்டார் என்று எல்லாம் கலந்துதான் கேள்விகள் வரும். இந்த முறை வந்த கடிதக் கட்டில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்: தரைமட்டத்துக்குக் கீழே இருக்கும் அறை, லிஃப்ட் குழி, வண்டி நிறுத்தும் தளம், அங்கே ஊறும் தண்ணீர். ஐப்பசி நெருங்குகிறது, பயம் நியாயம்தான். மிக்சிக்காரர்கள் கோபிக்காமல் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

நியூஜெர்சியில் மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தேன். வீட்டுக்குக் கீழே பெரிய அறை. அதன் மூலையில் மூடி போட்ட குழி. மழை பெய்தால் அதற்குள் ஒரு மோட்டார் தானாக ஓடி, தானாக நிற்கிறது. 'சம்ப் பம்ப்' என்றாள். நம் வீட்டு சம்ப்பில் குடிதண்ணீர் அல்லவா இருக்கிறது? எங்கள் கீழ் அறைக்கும் அப்படி ஒன்று வேண்டும். அவள் வரும்போது வாங்கி வரச் சொல்லட்டுமா?
*ஓய்வுபெற்ற ஆசிரியை, மஞ்சக்குப்பம்*

டீச்சர், சம்ப் என்றால் தண்ணீர் வந்து சேரும் பள்ளம், அவ்வளவுதான். நாம் அதில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து மாடித் தொட்டிக்கு ஏற்றுகிறோம். அவர்கள் வேண்டாத தண்ணீரை அதில் வரவழைத்து வெளியே தள்ளுகிறார்கள். நம் சம்ப் காலியானால் நமக்குக் கவலை. அவர்கள் சம்ப் நிரம்பினால் அவர்களுக்குக் கவலை.

பேஸ்மென்ட் என்ற வார்த்தையும் அப்படித்தான். நம் கொத்தனாரிடம் பேஸ்மென்ட் என்றால் கடகாலுக்கு மேலே தரை வரை எழுப்பும் கட்டு. 'பேஸ்மென்ட்டை மூணு அடி தூக்கிடலாம்மா' என்பார். உங்கள் மகளிடம் பேஸ்மென்ட் என்றால் எட்டு அடி கீழே. போனில் பேசும்போது இது தெரியாமல் மாமியாரும் மருமகளும் சண்டை போட்ட வீடு எனக்குத் தெரியும்.

அங்கே ஏன் கீழே தோண்டுகிறார்கள் என்றால், பனிக்காலத்தில் மண்ணுக்குள் இருக்கும் ஈரம் உறைந்துபோகும். உறைந்த மண் உப்பும், மேலே நிற்கும் சுவரையே தூக்கும். அதனால் உறையும் ஆழத்தையும் தாண்டி அஸ்திவாரம் போகவேண்டும். நியூஜெர்சியில் சுமார் மூன்று அடி. மினசோட்டா மாதிரி வடக்கு மாநிலங்களில் நான்கு, ஐந்து அடிகூட ஆகும். எப்படியும் அவ்வளவு தோண்டியாகிறது, இன்னும் நாலடி தோண்டினால் ஓர் அறையே கிடைக்கிறதே என்று தோண்டிவிடுகிறார்கள். வீட்டைச் சூடேற்றும் இயந்திரம், வாஷிங் மெஷின், தூக்கிப் போட மனம் வராத சாமான்கள் எல்லாம் அங்கேதான் இருந்திருக்கும்.

நீங்கள் பார்த்தது குழியை மட்டும். அந்த ஏற்பாட்டின் முக்கால் பங்கு மண்ணுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கிறது. அஸ்திவாரத்தின் ஓரமாகச் சுற்றிலும் ஓட்டை போட்ட குழாய் ஓடும். அதைச் சுற்றி ஜல்லி, ஜல்லிக்கு மேல் மண் நுழையாமல் வடிகட்டித் துணி. மழையில் மண்ணில் ஊறும் தண்ணீர், சுவரைத் துளைத்து வருவதைவிட இந்தக் குழாய்க்குள் போவது சுலபம் என்பதால் அதற்குள் இறங்கி, வாட்டம் பிடித்துக் குழிக்கு வந்து சேரும். குழி பெரும்பாலும் ஒன்றரை அடி அகலம், இரண்டடி ஆழம். தண்ணீர் ஏறினால் மிதவை ஏறும், மிதவை சுவிட்சைப் போடும், பம்ப் ஒன்றரை இன்ச் குழாயில் தண்ணீரை வீட்டைவிட்டுத் தள்ளி வெளியே விடும். தண்ணீர் இறங்கினால் மிதவையும் இறங்கி அணைத்துவிடும். தள்ளிய தண்ணீர் குழாய் வழியே திரும்பி விழாமல் ஒரு என்.ஆர்.வி., அதாவது ஒருவழி வால்வு. அவ்வளவுதான் விஷயம். மூடி அவ்வளவு இறுக்கமாக இருந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு: அந்த நாட்டில் பல இடங்களில் மண்ணிலிருந்து ரேடான் என்ற கதிரியக்க வாயு கசியும். திறந்த குழி வழியே அது வீட்டுக்குள் ஏறும். நமக்கு மூடி வேண்டியது கொசுவுக்காக.

பம்ப் வாங்கி வரச் சொல்லாதீர்கள். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். நம் பிளக்கில் செருகிய நிமிடமே புகை வரும். அப்புறம் என்னிடம்தான் காயில் கட்ட வரவேண்டும். நம் கடைகளில் அரை எச்.பி. டிரெய்னேஜ் பம்ப், மிதவையோடு சேர்ந்தே கிடைக்கிறது. மகளிடம் வேறு ஏதாவது கேளுங்கள்.

எங்கள் அடுக்ககத்தில் வண்டி நிறுத்துவது கீழ்த்தளத்தில். ஃபெஞ்சல் புயலில் இடுப்பளவு தண்ணீர். அதன் பிறகு சங்கத்தில் பணம் வசூலித்து 2 எச்.பி. பம்ப் போட்டோம். போன வருடக் கனமழையில் நாலு மணி நேரம் ஓடியும் ஓர் அங்குலம்கூட இறங்கவில்லை. விற்றவர் ஏமாற்றிவிட்டாரா?
*குடியிருப்போர் சங்கச் செயலாளர், ரெயின்போ நகர், புதுச்சேரி*

சார், போன வாரம் புதுச்சேரிக்கு ஒரு வேலையாக வந்தபோது உங்கள் இடத்தை நேரில் பார்த்தேன். உங்கள் வாட்ச்மேன் டார்ச் அடித்துக் காட்டினார். பம்ப்பில் குறையில்லை. அதன் குழாய் எங்கே போய் முடிகிறது என்று பார்த்தீர்களா? உங்கள் சரிவுப் பாதையின் வாசலிலிருந்து ஆறடி தள்ளி, தெருச் சாக்கடைக்குள். கனமழையில் அந்தச் சாக்கடை நிரம்பித் தெருவுக்கு வருகிறது, தெருவிலிருந்து சரிவில் இறங்கி உங்கள் கீழ்த்தளத்துக்கு வருகிறது. நாலு மணி நேரமும் நீங்கள் இறைத்தது ஒரே தண்ணீரைத்தான். அது ஊர்வலம் போய்விட்டு வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.

இந்தத் துறையில் எல்லோரும் பம்ப்பைப் பற்றியே பேசுவார்கள். தண்ணீர் எங்கே போகும் என்று கேட்கிறவர் நூற்றில் ஒருவர். புதுச்சேரியில் அந்தக் கேள்விதான் கஷ்டமானது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர், பாவாணர் நகர் பக்கமெல்லாம் பள்ளம். ஊர்த் தண்ணீர் வாய்க்கால்கள் வழியே கடலுக்குத்தான் போகவேண்டும். புயல் நேரத்தில் கடல் உயர்ந்து நின்றால் முகத்துவாரத்தில் வடிவதற்கு வழியே இல்லை.

ஃபெஞ்சல் அன்று, 2024 நவம்பர் 30-ம் தேதியிலிருந்து மறுநாள் காலை வரை, புதுச்சேரியில் 46 சென்டிமீட்டர் பெய்தது. அதற்கு முந்தைய ஒருநாள் உச்சம் 2004-ல் பெய்த 21 சென்டிமீட்டர். 46 சென்டிமீட்டர் என்றால் எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கிரவுண்டு மனை, அதாவது 2400 சதுர அடி, அதன் தலையில் மட்டும் விழுந்தது ஒரு லட்சம் லிட்டருக்கு மேல். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் எட்டரை லோடு. தெருவே தலைக்கு மேல் நிற்கும்போது எந்த பம்ப்பும் ஜெயிக்காது. அந்த அளவு மழைக்குக் காரை முதல் நாளே ஏற்றத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள். லாஸ்பேட்டையில் சொந்தக்காரர் இருந்தால் அதிர்ஷ்டம். லிஃப்டை மேல்மாடியில் நிறுத்தி மெயினை அணைத்துவிடுங்கள்.

ஆனால் பத்து, பதினைந்து சென்டிமீட்டர் மழையைச் சமாளிக்கலாம். முதலில், சரிவு தொடங்கும் இடத்தில் குறுக்கே ஒரு மேடு எழுப்புங்கள், ஓரடிக்குக் குறையாமல். வண்டி ஏறி இறங்குகிற மாதிரி நீளமான மேடு, வேகத்தடை மாதிரி கூர்மையாக அல்ல. சரிவு முடியும் இடத்தில் குறுக்கு வாய்க்கால், மேலே இரும்புச் சட்டம், அது நேராகக் குழிக்குப் போகட்டும். வெளியேற்றும் குழாயைத் தெருவில் நீங்கள் பார்த்த அதிகபட்ச நீர்மட்டத்துக்கு மேலே இரண்டடி ஏற்றி, வளைத்து, கட்டடத்தின் மறுபக்கச் சாக்கடையில் விடுங்கள். அந்தப் பக்கம் சற்று உயரம், சாக்கடையும் அகலம், நானே நடந்து பார்த்தேன். பாதாளச் சாக்கடையில் மட்டும் இணைக்கவேண்டாம். இணைத்தால் யாராவது ஒரு வீட்டுக் கழிவறை வழியே அது மேலே வரும்.

அப்புறம், அந்த 2 எச்.பி. ஒன்றுக்குப் பதிலாக 1 எச்.பி. இரண்டு வைத்திருக்கலாம். ஒன்று சற்றுக் கீழ் மட்டத்தில் தொடங்கும், அந்த ஒன்றால் சமாளிக்க முடியாதபோது அல்லது அது கெட்டால் இரண்டாவது தொடங்கும். வாங்கியாகிவிட்டது, பரவாயில்லை. பக்கத்தில் ஒரு சின்னது சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. அடுத்த முறை கீழ்த்தளம் நிரம்பினால், வெளியே வடிந்தவுடன் இரண்டு மூன்று பம்ப் வைத்து ஒரே மூச்சில் காலி செய்யாதீர்கள். வெளியே மண் சேறாகச் சுவரை உள்ளே தள்ளிக்கொண்டிருக்கும். உள்ளே இருக்கும் தண்ணீர்தான் எதிரே நின்று தாங்கிக்கொண்டிருக்கும். அதை அவசரமாக எடுத்தால் சுவர் உள்ளே விழலாம், தரை வெடிக்கலாம். ஓரடி இறக்குங்கள், சுவரில் சாக்பீஸால் கோடு போடுங்கள், இரவு விட்டுவிடுங்கள். காலையில் கோட்டுக்கு மேலே ஏறியிருந்தால் மண் இன்னும் வடியவில்லை என்று அர்த்தம், காத்திருங்கள். ஏறவில்லை என்றால் இன்னோர் அடி. பெட்ரோல் இன்ஜின் பம்ப்பையோ ஜெனரேட்டரையோ கீழ்த்தளத்துக்குள் இறக்கவே கூடாது. அந்தப் புகையில் நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. உட்கார்ந்தபடியே உயிர் போகும். இன்ஜின் தெருவில் நிற்கட்டும், ஓஸ் மட்டும் கீழே போகட்டும்.

வீட்டில் பாதி தரைக்குக் கீழே இருக்கும் ஒரு ஸ்டோர் ரூம். சுவரில் ஓதம். உள்பக்கம் வாட்டர்புரூஃப் பூச்சு பூசிவிட்டால் பம்ப்பே வேண்டாம் என்கிறார் காண்ட்ராக்டர். பூசலாமா?
*நெல்லிக்குப்பம் வாசகர்*

பூசுங்கள், இரண்டு மழைக்குத் தாங்கும். மூன்றாவது மழையில் அப்பளம் மாதிரி உப்பி, விரலால் தட்டினால் 'டொக்'கென்று சத்தம் கேட்கும், உரித்தால் பின்னால் வெள்ளையாக உப்பு பூத்திருக்கும். பூச்சின் குற்றமல்ல. தண்ணீர் வெளியிலிருந்து தள்ளும்போது, வெளியே பூசினால் அது பூச்சைச் சுவரோடு அழுத்தும். உள்ளே பூசினால் சுவரிலிருந்து பிய்க்கும். வீடு கட்டும்போது வெளியே பூசியிருக்கவேண்டியது அது.

தள்ளுகிற பலம் எவ்வளவு என்று தெரிந்தால் நம்பமாட்டீர்கள். உங்கள் அறை பத்துக்குப் பன்னிரண்டு என்று வைத்துக்கொள்வோம். வெளியே மண்ணுக்குள் நீர்மட்டம் அறைத் தரையைவிட மூன்றடி உயரத்தில் நின்றால், தரையைக் கீழிருந்து மேலே தூக்கும் விசை சுமார் பத்து டன். மழைக்காலத்தில் காலியாக விட்ட செப்டிக் டேங்க் மண்ணைப் பிளந்துகொண்டு மேலே வருவது இதனால்தான்.

என் மாமனார் நெய்வேலிச் சுரங்கத்தில் பம்ப் ஆபரேட்டராக இருந்தவர். 1957-ல் தோண்டத் தொடங்கிய சுரங்கம் அது. பழுப்பு நிலக்கரிக்குக் கீழே அழுத்தத்தோடு அடைபட்டிருக்கிற ஊற்றுநீர் அடுக்கு ஒன்று இருக்கிறது. மேலே உள்ள மண்ணை அகற்ற அகற்ற, அது சுரங்கத்தின் தரையையே தூக்கப் பார்க்கும். அதற்கு அவர்கள் தரைக்குப் பூச்சு பூசவில்லை. போர் போட்டு இரவு பகலாக இறைத்து, அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். 'தண்ணிய எதுத்து நிக்க முடியாது மாப்ளே, அதுக்கு வழி சொல்லி அனுப்பணும்' என்பார் அவர். நைட் ஷிஃப்ட் முடித்து வந்து காபி குடித்துக்கொண்டே சொல்வது.

நீங்கள் செய்யவேண்டியதும் அதுதான், அளவில் கொஞ்சம் சின்னதாக. அறையின் உள்சுவரை ஒட்டித் தரையில் அரையடி அகலத்துக்கு வெட்டி, ஓட்டை போட்ட குழாய் பதித்து, முக்கால் ஜல்லி கொட்டி, எல்லாம் ஒரு மூலைக் குழியில் முடியும்படி வாட்டம் கொடுங்கள். குழிக்கு இரண்டடி சிமென்ட் உறை ஒன்று இறக்கினால் போதும். பக்கவாட்டில் ஓட்டை போட்டு இறக்கச் சொல்லுங்கள். அதன் பிறகு சுவருக்கு வேண்டுமானால் அழகுக்குப் பூசிக்கொள்ளுங்கள்.

அரை எச்.பி. போதுமா, ஒன்று வேண்டுமா? கடைக்காரர் ஒன்றரை என்கிறார்.
*முதுநகர் வாசகர்*

கடைக்காரரைக் கேட்காதீர்கள், குழியைக் கேளுங்கள். நல்ல மழை நாளில் குழியைக் காலி செய்துவிட்டு பம்ப்பை அணையுங்கள். ஸ்கேல் வைத்து, ஐந்து நிமிடத்தில் எத்தனை இன்ச் ஏறுகிறது என்று பாருங்கள். இரண்டடி உறையில் ஒரு இன்ச் என்பது சுமார் ஏழு லிட்டர். பத்து இன்ச் ஏறினால் எழுபது லிட்டர், நிமிடத்துக்குப் பதினாலு. அதற்கு இரண்டு மடங்கு, மூன்று மடங்கு தள்ளும் பம்ப் போதும். பத்தடி உயரத்துக்கு அரை எச்.பி. டிரெய்னேஜ் பம்ப் நிமிடத்துக்கு நூறு லிட்டருக்கு மேல் தள்ளும். வீட்டு அறைக்கு ஒன்றரை எச்.பி. வைத்தால், போட்ட மூச்சில் குழி காலியாகி நிற்கும், மறுபடி போடும், மறுபடி நிற்கும். மோட்டாருக்குத் தொடங்குவதுதான் கஷ்டம், ஓடுவது அல்ல. பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் லிட்டர் கணக்கை நம்பவேண்டாம், அது உயரமே இல்லாமல் தள்ளும்போது வருவது. பக்கத்தில் சின்ன எழுத்தில் உயரத்துக்கு எதிரே எத்தனை லிட்டர் என்று அட்டவணை இருக்கும், அதுதான் உண்மை.

மிதவை சுவிட்ச் ஒரே வருடத்தில் இரண்டு போய்விட்டது. நல்ல கம்பெனி எது?
*முத்தியால்பேட்டை வாசகர்*

கம்பெனி சொல்லமாட்டேன், என் கதையைச் சொல்கிறேன்.

2020 நவம்பர் 25, நிவர் புயல் கரையேறிய இரவு. என் பட்டறைக்குப் பின்னால் மூன்று படி இறங்கும் சரக்கு அறை. தாமிரக் கம்பிச் சுருள்கள், வாடிக்கையாளர்களின் மோட்டார்கள் பதினொன்று. புயல் வருகிறதே என்று அன்று காலைதான் அவசரமாகக் குழியில் புது பம்ப்பை இறக்கி, புது மிதவையும் கட்டினேன். சுவிட்சைப் போட்டேன், பம்ப் ஓடியது. 'ஆகா, நல்ல சத்தம்' என்று திருப்தியாக வீட்டுக்குப் போய்விட்டேன். இரவு பத்து மணிக்கு வந்து பார்த்தால் முழங்கால் தண்ணீர், பம்ப் ஊமையாக நிற்கிறது. கரண்ட் அதுவரை இருந்தது. பியூஸ் பார்த்தேன், கண்டன்சர் பார்த்தேன், எல்லாம் சரி. கடைசியில் மிதவையைக் கையில் தூக்கிக் கீழே தொங்கவிட்டேன். பம்ப் உறுமியது! தண்ணீரில் விட்டேன், நின்றது.

புரிந்ததா? அந்த மிதவையில் மூன்று வயர். ஒன்று பொது, இன்னொன்று தொட்டியை நிரப்ப, அதாவது தண்ணீர் இறங்கினால் போடுவது, மூன்றாவது குழியை இறைக்க, தண்ணீர் ஏறினால் போடுவது. முப்பது வருடம் மாடித் தொட்டிக்குக் கட்டிய கை, பழக்க தோஷத்தில் நிரப்பும் வயரைக் கட்டிவிட்டது. காலையிலிருந்து தண்ணீரே இல்லாத குழியில் அது ஓடி ஓடி சீலைத் தீய்த்துக்கொண்டிருக்கிறது, நான் அதன் சத்தத்தைப் பாராட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். யாரோ ஒரு கத்துக்குட்டி செய்ததென்று என் மனைவியிடம் சொல்லிப் பார்த்தேன். 'பட்டறையில வேற யாரு இருக்கா?' என்று கேட்டார்.

அந்த மிதவையை அப்புறம் அறுத்தே பார்த்தேன். உள்ளே அதிசயம் ஒன்றுமில்லை. கோலிக்குண்டு அளவு எஃகு உருண்டை, அதற்கு ஓடுவதற்கு ஒரு சின்னப் பாதை, முடிவில் ஒரு மைக்ரோ சுவிட்ச். மிதவை தலைகீழானால் உருண்டை ஓடிப்போய் சுவிட்சை அழுத்தும். அவ்வளவு எளிய பொருள் தானாகக் கெடுவது அபூர்வம். உங்கள் இரண்டும் போனதற்குக் காரணம், குழியின் அகலம் ஓரடி என்று எழுதியிருக்கிறீர்களே, அது. வயரில் தொங்கும் மிதவை சுழன்று திரும்ப இடம் வேண்டும். ஓரடிக் குழியில் அது சுவரில் ஒட்டிக்கொண்டோ, பம்ப்பின் வயரில் மாட்டிக்கொண்டோ நின்றுவிடும். வயர் கழுத்தில் மடிந்து மடிந்து உள்ளே அறுந்துபோகும். சின்னக் குழிக்குக் கம்பியில் நேராக ஏறி இறங்கும் மிதவை வாங்குங்கள். வாங்கிக் கட்டியபின் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, ஓடுகிறதா, நிற்கிறதா என்று இரண்டையும் பாருங்கள். நான் பார்க்காததும் அதுதான்.

புயலில் முதலில் போவது கரண்ட். அப்போது பம்ப் என்ன செய்யும்?
*குடும்பத்தலைவி, திருப்பாதிரிப்புலியூர்*

நம்மோடு சேர்ந்து இருட்டில் உட்கார்ந்திருக்கும் அம்மா. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்தபோது கடலூரில் எத்தனை நாள் இருட்டில் இருந்தோம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அத்தனை நாளுக்கு எந்த பேட்டரியும் தாங்காது. ஆனால் மழை கொட்டும் அந்த முதல் இரவைத் தாண்டலாம்.

ஃபேனுக்கும் லைட்டுக்கும் வாங்கிய சின்ன இன்வெர்ட்டரில் அரை எச்.பி. பம்ப் தொடங்காது. ஓடும்போது அறுநூறு வாட் எடுக்கிற மோட்டார், தொடங்கும் நொடியில் அதைப்போல மூன்று, நாலு மடங்கு இழுக்கும்; இன்வெர்ட்டர் 'கீ' என்று கத்திவிட்டு அணைந்துவிடும். 2 கே.வி.ஏ. அளவில் ஒன்று, 150 ஆம்பியர் பேட்டரி இரண்டு என்றால் விடாமல் ஓடினால் சுமார் நாலு மணி நேரம். பம்ப் விட்டு விட்டுத்தானே ஓடும்? மணிக்குக் கால் மணி நேரம் ஓடினால் ஓர் இரவு தாண்டும்.

அவ்வளவு செலவு வேண்டாம் என்றால், துறைமுகத்துப் பக்கம் படகுச் சாமான் விற்கும் கடையில் கேளுங்கள். படகின் அடியில் ஊறும் தண்ணீரை இறைக்க 12 வோல்ட் பம்ப் வைத்திருப்பார்கள். கார் பேட்டரியிலேயே ஓடும். பெரிய பம்ப்புக்குப் பக்கத்தில், ஒரு சாண் உயரத்தில் இதை வைத்து, தனி மிதவை, தனி ஓஸ் கொடுத்துவிட்டால், முதலாவது செத்தாலும் இது வேலை செய்யும். வேகம் குறைவுதான். கடலுக்குள் இருக்கிற படகையே காப்பாற்றுகிறது, உங்கள் அரிசி மூட்டையைக் காப்பாற்றாதா?

எந்த பம்ப் ஆனாலும் லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., அதாவது மின்கசிவு வந்தால் தானாக அணைக்கும் சுவிட்ச், இருக்கட்டும். தண்ணீர் நிற்கும் அறையில் சுவிட்ச் இருந்தால் மெயினை அணைக்காமல் கால் வைக்கவே வேண்டாம்.

இறைக்கும் தண்ணீரை மழைநீர் சேகரிப்புத் தொட்டியில் விடலாமா?
*வில்லியனூர் வாசகர்*

நல்ல மனசு. தொட்டி சுவரிலிருந்து எவ்வளவு தூரம்? நாலடி என்றால் ராத்திரிக்குள் அதே தண்ணீர் குழிக்கு வந்துவிடும். இருபதடி தள்ளி, மண் சரிவு வீட்டைவிட்டு விலகிப் போகிற பக்கம் என்றால் விடுங்கள்.

தேவனாம்பட்டினத்தில் கடலுக்குப் பக்கத்தில் மனை வாங்கியிருக்கிறேன். கீழே ஒரு ஹோம் தியேட்டர் கட்ட ஆசை. இரண்டு பம்ப் வைத்துவிட்டால் போதும்தானே?
*பெயர் வேண்டாம் என்றவர், பெங்களூரு*

தம்பி, கார்த்திகை மாதத்தில் ஒருநாள் வந்து, அந்த மனையில் மண்வெட்டியால் தோண்டிப் பாருங்கள். தண்ணீர் தெரிய எத்தனை அடி ஆகிறதோ, அதற்கு மேலே எவ்வளவு உயரம் மிச்சமோ அதுதான் உங்கள் தியேட்டர். பக்கத்துத் தெருவில் என் நண்பர் செப்டிக் டேங்க்குக்குக் குழி எடுத்தபோது நாலடியில் ஊற்று. மணல் பூமியில் இறைக்க இறைக்க வந்துகொண்டே இருக்கும், அதிலும் உப்பு. இரும்பு பம்ப்பை அரித்துத் தின்றுவிடும், சாதாரண ஸ்டீலையும் மெல்லத் தின்னும். வருடத்தில் மூன்று மாதம் விடாமல் ஓடும் பம்ப்பின் சத்தத்துக்கு நடுவில் என்ன படம் பார்ப்பீர்கள்? மொட்டைமாடியில் கட்டுங்கள், கடல் காற்றாவது இலவசம்.

எங்கள் வீட்டுக் குழி பம்ப் மழையில்லாத இரவிலும் நிமிடத்துக்கு ஒருமுறை 'டக்' என்று போட்டு நிற்கிறது. மாமனாருக்குத் தூக்கமே இல்லை. மெக்கானிக் மூன்று முறை வந்து பம்ப்பை மாற்றச் சொல்லிவிட்டுப் போனார்.
*செம்மண்டலம் வாசகி*

பம்ப்பை மாற்றாதீர்கள். பம்ப் நின்றதும் குழி மேல் காதை வைத்துக் கேளுங்கள். 'சளசள'வென்று தண்ணீர் திரும்பி விழும் சத்தம் கேட்டால், என்.ஆர்.வி. இல்லை, அல்லது அதன் கதவில் மண் மாட்டியிருக்கிறது. மேலே ஏறிய குழாய்த் தண்ணீர் எல்லாம் திரும்பக் குழிக்குள் விழுந்து, மிதவையைத் தூக்கி, அதையே மறுபடி இறைத்துக்கொண்டிருக்கிறது. ஒன்றரை இன்ச் என்.ஆர்.வி.க்குச் சில நூறு ரூபாய்தான். பம்ப்புக்கு மேலே, குழிக்கு வெளியே, கை எட்டும் இடத்தில் போடச் சொல்லுங்கள். அம்புக்குறி மேல்நோக்கி இருக்கவேண்டும். அதற்கும் பம்ப்புக்கும் நடுவே குழாயில், குழிக்கு உள்ளே இருக்கிற பகுதியில், மூன்று மில்லிமீட்டரில் ஒரு சின்னத் துளை போடவேண்டும். பம்ப்புக்குள் காற்று அடைத்துக்கொண்டு, ஓடியும் இறைக்காமல் நிற்பதைத் தடுப்பது அந்தத் துளைதான். ஓடும்போது அதில் நூல் மாதிரித் தண்ணீர் பீச்சும். அதைப் பார்த்துவிட்டு 'ஓட்டை' என்று எம்-சீல் வைத்து அடைக்கிற மெக்கானிக்கும் இருக்கிறார்; உங்களுக்கு வந்தவர் அந்த ஜாதியாகத் தெரிகிறது.

அதற்குப் பிறகும் சத்தம் வந்தால், புரட்டாசி முடிவதற்குள் பம்ப்பைக் கழற்றி எடுத்துக்கொண்டு புதுப்பாளையம் வாருங்கள். ஐப்பசி பிறந்துவிட்டால் என் பட்டறை வாசலில் மோட்டார்கள் தெருமுனை வரை வரிசையில் நிற்கும், எனக்குச் சாப்பிடக்கூட நேரம் இருக்காது.